கீரி அடியில் தோண்டி நுழையும் கூண்டுக்கு

கீரி அடியில தோண்டி வந்து ரெண்டு கோழியைக் கொண்டுபோயிடுச்சுன்னு எழுதியிருந்தீங்க, படிக்கவே கஷ்டமா இருந்துச்சுங்க. நீங்க போட்டிருக்கிற அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைக்கும், அவ்வளவுதான். பல்லால இழுத்தா முறுக்கு பிரிஞ்சிடும். அரை இன்ச் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகள் சேருற இடத்துல பத்தவச்ச வலை, போடுங்க. ஆணியை வளைச்சு அடிக்காம, வாஷர் வச்ச ஸ்க்ரூவால சட்டத்தோட இறுக்குங்க.

கூண்டைச் சுத்தி ஒரு அடி ஆழம் பள்ளம் எடுத்து மெஷ்ஷை இறக்குங்க. அடிப்பகுதியை வெளிப்பக்கமா ஒரு அடி மடக்கிப் புதைக்கணும், இதுதான் முக்கியம். கீரி சுவரோரமாத்தான் தோண்டும். நகம் கம்பியில பட்டதும் அங்கேயே நின்னுடும்.

காத்துக்குக் கூரையை ஒட்டி இடைவெளி விடுங்க, அங்கேயும் அதே மெஷ். வேலை முடியுற வரைக்கும் மிச்சக் கோழிகளை ராத்திரி தயவுசெஞ்சு வீட்டுக்குள்ள அடைங்க. ருசி கண்டது திரும்ப வரும்.