திரும்பும் டிக்கெட்டோடு போங்கள்

கேள்வி: கோவையில் சின்னதாக லேத் பட்டறை நடத்துகிறேன். செட்டிபாளையம் டிராக்கில் முதல் தடவை ரேஸ் பார்த்த நாளிலிருந்து ஸ்போர்ட்ஸ் கார் ஆசை. இப்போது டெல்லியில் ஒருவர் 2012 மாடல் போர்ஷே பாக்ஸ்டரை 26 லட்சத்துக்குத் தருவதாகச் சொல்கிறார். 19,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறதாம். வீடியோ காலில் பார்த்தேன், பளபளவென்று இருக்கிறது. அடுத்த மாதம் மச்சானும் நானும் விமானத்தில் போய்ப் பணத்தைக் கட்டிவிட்டு, அப்படியே ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று திட்டம். 12 மாதம் வரை டெல்லி நம்பரிலேயே ஓட்டலாம் என்கிறார் புரோக்கர். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் டிக்கெட்டைப் பார்க்க வேண்டும். போவதற்கு மட்டும் டிக்கெட் போடாதீர்கள். திரும்பி வருவதற்கும் சேர்த்துப் போடுங்கள்.

சிரிக்காதீர்கள், இது நான் காசு கொடுத்துக் கற்றது. சில வருடங்களுக்கு முன்னால் நானும் இதே மாதிரி டெல்லிக்குப் போய் இரண்டு சீட் கார் ஒன்றை வாங்கினேன். ஒருவழி டிக்கெட். ஆபீஸில் ஒரு வாரம் லீவு சொல்லியாயிற்று, கூட வந்த நண்பன் வழியில் எங்கே சாப்பிடுவது என்பது வரைக்கும் எழுதி வைத்திருந்தான். காரை நேரில் பார்த்தபோது டயரில் மெல்லிய வெடிப்பு தெரிந்தது. தயாரித்து ஏழு வருடம் ஆன டயர். 'பட்டன் அப்படியே இருக்கே சார்' என்றார் விற்றவர், டயரின் தேயாத வரிகளைக் காட்டி. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் எப்படித் திரும்புவது? ஒருவழி டிக்கெட்டில் வந்தவன் பேரம் பேச முடியாது, அது விற்கிறவருக்கும் தெரியும். அடிலாபாத் தாண்டியதும் பின்பக்க டயர் வெடித்தது. அந்த அளவு டயர் அந்தப் பக்கம் எந்தக் கடையிலும் கிடையாது. 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஹைதராபாதுக்கு ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் போனோம். நண்பன் எழுதி வைத்த ஓட்டல் எதிலும் சாப்பிடவில்லை.

அதனால் முதல் தடவை காரைப் பார்க்க மட்டும் போங்கள். பார்த்துவிட்டு அன்றைக்கே விமானம் ஏறிவிடுங்கள். பிடித்திருந்தால் டோக்கன் தொகை வங்கி வழியாகக் கொடுத்து, ரசீது எழுதி வாங்கிக்கொண்டால் போதும். இன்னொரு முறை போய்வரும் செலவு 26 லட்சத்தில் ஒரு தூசு.

சரி, அந்த முதல் தடவை என்ன பார்ப்பது?

19,000 கிலோமீட்டர் என்றதும் சந்தோஷப்படாதீர்கள். பதினைந்து வருடத்தை நெருங்கும் வண்டி வருடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம்தான் ஓடியிருக்கிறது என்றால் இரண்டு காரணம் இருக்கலாம்: மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள், அல்லது வண்டி மாதக்கணக்கில் நின்றே கிடந்திருக்கிறது. முதலாவதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. போர்ஷேயின் எஞ்சின் கண்ட்ரோல் யூனிட் என்ற சின்ன கம்ப்யூட்டர், எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைத் தனியாகப் பதிந்து வைக்கும். கம்பெனி சர்வீஸ் சென்டரின் டயக்னாஸ்டிக் கருவியில் அதைப் படிக்கலாம். கிலோமீட்டரை அந்த மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். 700 மணி நேரம் என்றால் சராசரி 27 கிலோமீட்டர் வேகம், நகரத்துக்குச் சரியாக வரும். 1,500 மணி நேரம் என்று காட்டினால் சராசரி 13 கூட வராது. டெல்லி டிராஃபிக் மோசம்தான், ஆனால் அவ்வளவு மோசம் இல்லை; மீட்டரில்தான் கைவைத்திருக்கிறார்கள். எஞ்சினை அனுமதித்த சுழற்சிக்கு மேல் எத்தனை தடவை முறுக்கினார்கள் என்ற கணக்கும் அதே கருவியில் கிடைக்கும். படி படியாகப் பிரித்துக் காட்டும். மேல் படிகளில் எண்ணிக்கை இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லிப் பேச வேண்டாம், வண்டியையே விட்டுவிடுங்கள்.

இந்தச் சோதனைக்கு விற்கிறவர் சம்மதிக்கவில்லை என்றால் மேலே எதுவும் பேச வேண்டியதில்லை. கிளம்புவதற்கு முன்பே போனில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பாக்ஸ்டரில் எஞ்சின் சீட்டுக்குப் பின்னால், வண்டியின் நடுவில் இருக்கிறது. முன் பானெட்டைத் திறந்தாலும் பின்பக்கம் திறந்தாலும் சாமான் வைக்கிற இடம்தான் தெரியும். எஞ்சினைப் பார்க்க வண்டியை லிஃப்டில் ஏற்றியே ஆக வேண்டும். பழைய பாக்ஸ்டர்களில் எஞ்சினுக்குள் இருக்கும் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் உடைந்து எஞ்சினே போய்விடும் என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அது உண்மைதான். ஆனால் 2009 மாடலிலிருந்து எஞ்சினையே மாற்றிவிட்டார்கள், அந்த பேரிங் இதில் இல்லை. நீங்கள் பயப்பட வேண்டியது வேறு சில்லறை விஷயங்களுக்கு. முன் பம்பரின் இரண்டு ஓரத்திலும் ரேடியேட்டர் உண்டு. காற்று போகும் அந்தத் துவாரங்களில் சருகு போய் அடைந்து, ஈரத்தில் ஊறி, ஏசி கண்டென்சரையும் ரேடியேட்டரையும் அரித்துவிடும். டார்ச் அடித்துப் பாருங்கள். துணி மேற்கூரையின் தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருந்தால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். சீட்டைப் பின்னால் தள்ளி, கார்பெட்டுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். ஈரமோ பூஞ்சை வாடையோ இருந்தால் மின்னணுப் பெட்டிகளுக்கு ஆயுசு கம்மி.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 1416 என்றால் 2016ஆம் ஆண்டின் 14ஆவது வாரம் தயாரானது. ஆறு வருடம் தாண்டியிருந்தால், பட்டன் புதிதாகவே தெரிந்தாலும் நான்கையும் டெல்லியிலேயே மாற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இந்தக் காரில் முன் டயர் ஒரு அளவு, பின் டயர் வேறு அளவு. டிக்கியில் முழு ஸ்டெப்னி கிடையாது. பஞ்சர் பசையும் சின்ன ஏர் பம்பும்தான் பல வண்டிகளில் இருக்கும். அவை ஆணி குத்தினால் உதவும், வெடித்தால் உதவாது. இதை நான் சொல்லித் தெரிய வேண்டுமா?

அப்புறம் புரோக்கர் சொன்ன 12 மாதக் கதை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவில் அந்த 12 மாதம் இருப்பது உண்மை. ஒருவர் தன் வண்டியோடு வேறு மாநிலத்துக்குப் போனால், அதற்கு மேல் தங்கும்போது புது நம்பர் வாங்க வேண்டும் என்பது அதன் பொருள். நீங்கள் செய்வது வண்டியை விலைக்கு வாங்குவது. அதற்கு 50ஆவது பிரிவு: வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இரண்டையும் குழப்பி விற்பது புரோக்கர்களின் பழைய வித்தை.

வேண்டிய காகிதங்கள் இவை: டெல்லி ஆர்டிஓவிடம் விற்பவர் வாங்கித் தரும் என்ஓசி (ஆட்சேபணையின்மைச் சான்று), அதாவது படிவம் 28. அது கோவை அலுவலகத்தின் பெயருக்கு இருக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30, கையெழுத்துகளோடு. வண்டி மேல் கடன் இருந்திருந்தால் வங்கி தரும் படிவம் 35. சேஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சு இரண்டு மூன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். என்ஓசி கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். 'நீங்க கிளம்புங்க, நான் கூரியர்ல அனுப்பறேன்' என்பவரிடமிருந்து கூரியர் வருவதில்லை.

இது முழுதாக இறக்குமதியான கார் என்பதால் சுங்கக் காகிதத்தையும் முதல் விற்பனை இன்வாய்ஸையும் கேளுங்கள். 2025 செப்டம்பரில் பூட்டானிலிருந்து வரி கட்டாமல் வந்த சொகுசு வண்டிகளைத் தேடிக் கேரளாவில் சுங்கத்துறை சோதனை நடத்தியது நினைவிருக்கும். ஹிமாசலப் பதிவெண்ணோடு வந்த வண்டிகளைக் கைமாறி வாங்கியவர்களும் அதில் மாட்டினார்கள். அந்த இன்வாய்ஸுக்கு வேறு ஒரு வேலையும் உண்டு. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். வெளிமாநிலத்திலிருந்து வரும் பழைய காருக்கு வயதுக்கேற்பச் சதவீதம் குறையும், ஆனால் கணக்கிடுவது கார் புதிதாக விற்ற அன்றைய விலையில். நீங்கள் கொடுக்கும் 26 லட்சம் அந்தக் கணக்கில் வராது. அன்று 60 லட்சம் என்று வைத்துக்கொண்டால், 5 சதவீதம் என்றாலே 3 லட்சம். இன்வாய்ஸ் நகலோடு கோவை ஆர்டிஓ ஆபீஸுக்குப் போய் உங்கள் வண்டிக்கு எவ்வளவு வரும் என்று முதலிலேயே கேட்டு, அதை விலையோடு கூட்டிப் பாருங்கள்.

விலை ஏன் குறைவு என்பதற்கும் காரணம் உண்டு. 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டியும் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டியும் டெல்லி வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நடுவில் இதில் என்னென்னவோ மாறினாலும், விற்கிறவர் மனத்தில் அந்த 15 பதிந்துவிட்டது. உங்கள் காருக்கு அது 2027. தமிழ்நாட்டில் அதற்குப் பிறகும் தகுதிச் சான்று வாங்கிப் பதிவை ஐந்து வருடம் புதுப்பிக்கலாம். ஆனால் இறக்குமதிக் கார் என்பதால், 2022இல் வந்த கட்டணப்படி புதுப்பிக்க 40,000 ரூபாய். நம் ஊர்க் காருக்கு அது 5,000தான்.

இன்சூரன்ஸில் பலரும் வழுக்குகிறார்கள். விற்பவரின் பாலிசி இன்னும் ஆறு மாதம் இருக்கிறது என்று நிம்மதியாகக் கிளம்புவார்கள். வண்டி கைமாறியதும் அந்த பாலிசியில் மூன்றாம் நபருக்கான பகுதி மட்டும்தான் உங்களுக்குத் தானாக வந்து சேரும். வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி, பாலிசி உங்கள் பெயருக்கு மாறினால்தான் உண்டு. 1995லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2,500 கிலோமீட்டர் ஓட்டப்போகிற வண்டி, வழியில் ஒரு மாடு குறுக்கே வந்தால் செலவு முழுக்க உங்களுடையது. படிவம் 29, 30ஐக் காட்டிப் பாலிசியை மாற்றிய பிறகே சாவியைத் திருகுங்கள். விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் என்கிற தள்ளுபடி அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும்.

இதெல்லாம் முடிந்தால் பயணம் சுலபம். இரண்டாவது தடவை போகும்போது ஒருவழி டிக்கெட்டே போடுங்கள், தப்பில்லை. ஆயில், பிரேக் ஆயில், பேட்டரி மாற்றி, பழைய பெட்ரோலை எடுத்துவிட்டு, ஒரு நாள் டெல்லிக்குள்ளேயே ஓட்டிப் பாருங்கள். சிரமம் வருவதென்றால் வீட்டு வாசலிலேயே வரட்டும். ஜான்சி, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூர் என்று இரவுக்கு ஒரு ஊராகத் தங்கி ஐந்தாம் நாள் கோவை. பெரும்பாலும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான், சேலத்தில் பிரிந்தால் போதும். சியோனிக்கும் நாக்பூருக்கும் இடையே பெஞ்ச் காட்டில் புலி கீழே நடக்க, வண்டி மேலே போகும்படி பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். அந்த இடத்தில் மேற்கூரையைத் திறந்துவிடுங்கள். டிசம்பர், ஜனவரியில் ஆக்ரா வரைக்கும் பனிமூட்டம், மே மாதம் நாக்பூரில் வெயில் 45 டிகிரி. அக்டோபர் கடைசியோ பிப்ரவரியோ நல்லது. வண்டிக்கும் தரைக்கும் நடுவில் அரைச் சாண்தான் இடைவெளி, விதிப்படி கட்டிய வேகத்தடையே 10 சென்டிமீட்டர் உயரம். விதியைப் படிக்காமல் ஊர்க்காரர்கள் கட்டியதைச் சொல்லவே வேண்டாம். குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குங்கள். இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். ஃபாஸ்டேகைப் பொறுத்தவரை, அந்த ஐந்து நாளைக்கு விற்பவரின் டேகிலேயே பணம் போட்டுக்கொள்வதாகப் பேசி வைத்து, ஆர்சி மாறியதும் புதிது எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வரி மிச்சமாகும், பாண்டிச்சேரியில் பதிவு செய்துவிடலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா? (விழுப்புரம் வாசகர்)

பதில்: அங்கே குடியிருந்தால் செய்யலாம். இல்லாத வீட்டு முகவரியைக் கொடுத்துச் செய்தால் அது மோசடி. கேரளப் பிரமுகர்கள் சிலர் இப்படிச் செய்து 2017இல் வழக்கில் சிக்கினார்கள். உங்கள் நண்பர் கூட வந்து ஜாமீன் கையெழுத்துப் போடுவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பெங்களூர்க்காரர் ஒருவருக்கு விற்று எட்டு மாதம் ஆகிறது. இன்னும் என் போனுக்கு வேக அபராதச் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. (ஓசூர்)

பதில்: அபராதத்தோடு நிற்கட்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். விபத்து நடந்தால், ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. விற்ற ஆவணத்தையும் பணம் வந்த வங்கிக் கணக்கு நகலையும் இணைத்து ஆர்டிஓவுக்கு இன்றைக்கே எழுத்து மூலம் தெரிவியுங்கள். வாங்கியவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். வாட்ஸப்பில் திட்டுவது கணக்கில் வராது.

கேள்வி: மும்பையில் ஒரு பழைய பிஎம்டபிள்யூ இசட்4 பேசி முடித்துவிட்டேன். முதுகு வலி, ஓட்டி வர முடியாது. லாரியில் அனுப்பலாமா? (மதுரை)

பதில்: தாராளமாக. நான் அடுத்த தடவை வாங்கினால் அப்படித்தான் செய்வேன், வீட்டில் சொல்லிவிடாதீர்கள். மூடிய கன்டெய்னர் லாரி கேளுங்கள். திறந்த லாரியில் வந்தால் கல் தெறிக்கும். ஏற்றும் பலகையின் சரிவு அதிகமாக இருந்தால் முன் பம்பர் இடிக்கும், தாழ்ந்த கார் என்பதை முன்னாலேயே சொல்லுங்கள். சங்கிலியைச் சக்கரத்தில் கட்டச் சொல்லுங்கள், அடியில் கண்ட இடத்தில் மாட்ட விடாதீர்கள். வழிப்பயண இன்சூரன்ஸ் உங்கள் பெயரில் இருக்கட்டும். ஏற்றும்போது மும்பையில் யாரையாவது சுற்றிலும் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், மீட்டர் எண்ணோடு. மதுரையில் இறக்கியதும் நீங்களும் எடுங்கள். டிரைவர் அவசரப்படுத்துவார், டீ வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள். முழுக்கப் பார்த்து முடித்த பிறகு டெலிவரி சீட்டில் கையெழுத்துப் போடுங்கள்.