பெட்டிக்குள் கருவாடு வேண்டாம், அக்கா

கேள்வி: மகளுக்குச் சீனாவின் சென்யாங் நகரில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. செப்டம்பரில் பயணம். 30 கிலோவுக்குத்தான் அனுமதி. குத்தரிசி, தூள், கருவாடு, நாலு சுவெட்டர், இரண்டு கம்பளி, ரைஸ் குக்கர் என்று எடுத்து வைத்ததே 41 கிலோ வந்துவிட்டது. எதைக் குறைப்பது? அங்கே மைனஸ் 20 வரை குளிருமாம். நினைத்தாலே நெஞ்சு பதைக்கிறது.
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: அக்கா, வீட்டிலேயே நிறுத்துப் பார்த்தீர்களே, நல்ல வேலை. 2014ல் நான் வூஹானுக்குப் புறப்பட்டபோது எங்கள் வீட்டில் பெட்டியை நிறுத்தது அப்பாவின் மீன் தராசில். கொக்கியில் பெட்டி தொங்க, முள்ளைப் பார்த்து "முப்பத்து நாலு" என்றார் அப்பா. "தராசு பழசு" என்றார் அம்மா. தராசு சரியாகத்தான் இருந்தது என்பது கட்டுநாயக்க விமான நிலையத்தில் தெரிந்தது. கவுண்டருக்கு முன்னால் பெட்டியைத் திறந்து கழித்ததில் போனது என் உடுப்புகள். கருவாட்டில் கைவைக்க அம்மா விடவில்லை.

விடுதியில் பெட்டியைத் திறந்ததும் என் அறைத்தோழி, கசகஸ்தான் பிள்ளை, ஒன்றும் சொல்லாமல் எழுந்து ஜன்னலைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் கதவையும் திறந்தாள். மூன்றாம் நாள் பெட்டி பல்கனிக்குப் போனது. பொரிக்க அடுப்பும் கிடையாது. சேட்டு, துவாய், சான்றிதழ் கோப்பு எல்லாம் நெத்தலி மணம். குடியிருப்பு அனுமதிக்கு ஆவணங்களை நீட்டியபோது அந்த அலுவலர் உறையை ஒருதரம் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார். ஆகவே முதலில் கருவாட்டை வெளியே எடுங்கள்.

அரிசியும் வேண்டாம். சென்யாங் பக்கம் நல்ல நெல் விளையும் பூமி. குட்டை அரிசி, சோறு ஒட்டும், எங்கள் குத்தரிசி மாதிரி வராது. ஆனால் ஐந்து கிலோ அரிசி எத்தனை நாளைக்கு? தூள் மட்டும் ஒரு கிலோ, கறிவேப்பிலையையும் வறுத்துச் சேர்த்து இடித்து, இரட்டை உறையில் கட்டிக் கொடுங்கள். பச்சைக் கறிவேப்பிலை வைக்க வேண்டாம். பச்சை மரக்கறி, பழம், விதை, இறைச்சி, முட்டை, பால் இவையெல்லாம் சீனச் சுங்கத்தின் தடைப் பட்டியலில் இருக்கின்றன. ரைஸ் குக்கரை அனேகமான விடுதிகளில் அறைக்குள் பாவிக்க விடமாட்டார்கள், பிடித்தால் எடுத்துவிடுவார்கள். இதோடு பத்துக் கிலோ குறைந்திருக்கும்.

இனிக் குளிர். மார்கழி மழைக்காற்றுக்கே காதை மூடிக் கட்டுகிற ஊர் எங்களது, நீங்கள் பதைப்பதில் குற்றமில்லை. ஆனால் ஒன்று சொன்னால் நம்பமாட்டீர்கள்: உங்கள் மகள் போகும் சென்யாங்கைவிட நான் இருந்த வூஹானில்தான் குளிர் கொடுமை. சின்லிங் மலையையும் ஹுவாய் ஆற்றையும் இணைத்து ஒரு கோடு சொல்வார்கள். அதற்கு வடக்கே உள்ள நகரங்களில் குளிர்காலம் முழுக்கக் குழாய்களில் சுடுநீரை ஓடவிட்டு வீடு, விடுதி, வகுப்பறை எல்லாவற்றையும் பொதுவாகச் சூடேற்றுகிறார்கள். சென்யாங்கில் நவம்பர் தொடங்கி மார்ச் முடியும்வரை இது நடக்கும். வூஹான் கோட்டுக்குத் தெற்கே. வெளியே 3 பாகை என்றால் அறைக்குள்ளும் ஏறக்குறைய அதுதான், ஈரமும் சேர்ந்து. கையுறை போட்டுக்கொண்டு பக்கம் புரட்டிப் படித்திருக்கிறேன். ஒரு ஜனவரி விடுமுறையில் சென்யாங்கில் படித்த சினேகிதியிடம் போனால், அவள் ரீ-சேட்டோடு ஐஸ்கிரீம் தின்றுகொண்டு இருக்கிறாள்! ஜன்னலுக்கு வெளியே மைனஸ் 18.

ஆகவே அங்கே வேண்டியது மொத்தமான சுவெட்டர் நாலு இல்லை. உள்ளே மெல்லிய உடுப்பு, வெளியே போகும்போது சட்டென்று மாட்டிக்கொள்ள நல்ல இறகு ஜக்கெட் ஒன்று, வழுக்காத சப்பாத்து ஒரு சோடி. இரண்டையும் அங்கேயே வாங்கட்டும். எனக்கு வூஹானில் 400 யுவானுக்குக் கிடைத்த ஜக்கெட் ஐந்து குளிர் தாங்கியது. இங்கே வாங்கிக் கொண்டுபோன சுவெட்டர் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. செப்டம்பரில் போனவுடன் குளிராது. ஒக்டோபர் கடைசிக்குள் வாங்கினால் போதும். நவம்பர் 11இல் இணையக் கடைகளில் பெரிய மலிவு விற்பனை வரும், ஆனால் சென்யாங் குளிர் அதுவரை காத்திருக்காது. கம்பளியும் மெத்தையும் வளாகத்திலேயே விற்பார்கள். சூடேற்றிய அறையில் காற்று வறண்டு உதடு வெடிக்கும், மூக்கால் இரத்தம்கூட வரும். வசலின் டப்பா வையுங்கள்.

இடம் மிஞ்சியிருக்குமே? உள்ளாடை, மேலதிக மூக்குக்கண்ணாடி, டியோடரன்ட் (அங்கே தேடி அலையவேண்டும்), சித்தாலேப தைலம், ஆங்கிலத்தில் எழுதிய மருந்துச்சீட்டோடு வழக்கமான மருந்து, ஒரு சேலை. சேலை எதற்கென்று கேட்காதீர்கள். வெளிநாட்டு மாணவர் கலைவிழா என்று ஒன்று கட்டாயம் வரும்.

இதற்கெல்லாம் மேலே, காகிதம். கடவுச்சீட்டு, சேர்க்கைக் கடிதம், மாணவர் விசாவுக்கான ஜேடபிள்யூ 202 படிவம் (புலமைப்பரிசில் என்றால் பெரும்பாலும் 201), மருத்துவப் படிவம், இரத்தப் பரிசோதனை அறிக்கைகள் எல்லாம் மூலப்பிரதியாகக் கைப்பையில் இருக்கவேண்டும், பெட்டிக்குள் போகவே கூடாது. என் பெட்டி ஒருநாள் பிந்தி வந்தது, சேர்க்கைக் கடிதம் அதற்குள். குடிவரவு மேசையில் நான் நின்ற நிலையை இங்கே எழுதவில்லை. மருத்துவப் படிவத்தில் ஒட்டும் படத்தின் மேலும் முத்திரை விழுந்திருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் அங்கே மறுபடி ஊசி. 33க்கு 48 மில்லிமீற்றர் அளவில், வெள்ளைப் பின்னணியில் படம் ஒரு டசின் அடித்துக் கொடுங்கள். எக்ஸ்1 என்ற நீண்டகாலப் படிப்பு விசாவில் தங்கும் நாள் "000" என்று இருப்பதைக் கண்டு பயப்படாதீர்கள், அது அப்படித்தான். போய் 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கவேண்டும். அப்போது கடவுச்சீட்டைச் சில நாள் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதனால் பிரதி எடுத்து வைக்கட்டும்.

அப்புறம் போன். அங்கத்தைய இணையத்தில் வாட்ஸ்அப்பும் கூகுளும் வேலை செய்யாது. மகள் போகமுன்னரே போனில் வீசாட் (அங்கே எல்லோரும் பேசப் பாவிக்கும் செயலி) போடுங்கள், அவளுக்கு மட்டுமில்லை, உங்களுக்கும். பதியும்போது, ஏற்கெனவே வீசாட் வைத்திருப்பவர் ஒருவர் ஸ்கேன்செய்து உறுதிப்படுத்தவேண்டும் என்று அது கேட்கக்கூடும். கடைசி நாளில் அந்த ஆளைத் தேடி ஓட முடியாது. இலங்கைச் சிம்மையும் ரோமிங்கோடு உயிரோடு வைத்திருக்கட்டும், வங்கியின் குறியீட்டு எண் அதற்குத்தான் வரும். சீனா எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னே. நீங்கள் இரவு ஒன்பதுக்கு எடுத்தால் அங்கே பதினொன்றரை. பிள்ளை தூங்கவேண்டும், ஏழுக்கே எடுங்கள்.

கேள்வி: குவாங்சோவுக்குப் போகிறேன். ஹலால் சாப்பாடு கிடைக்குமா? பவர் பேங்க் கொண்டுபோகலாமா?
– ஒரு மாணவன், கிண்ணியா

பதில்: தம்பி, ஹலாலுக்குச் சீனத்தில் "சிங்ஜென்" என்பார்கள். அந்த இரண்டு எழுத்தையும் போனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். பல பல்கலைக்கழகங்களில் அதற்கென்று தனி உணவகம் உண்டு, ஹுய் முஸ்லிம்களின் நூடில்ஸ் கடை தெருவுக்குத் தெரு இருக்கும். ஜும்ஆவுக்கு ஹுவாய்ஷெங் பள்ளிவாசல், சீனாவின் மிகப் பழைய பள்ளிவாசல்களில் ஒன்று.

பவர் பேங்கைப் பெட்டியில் போடவே கூடாது, கையில்தான். அங்கே உள்நாட்டு விமானம் ஏறுவதென்றால் 2025 ஜூன் 28 தொடக்கம் "3சி" என்ற சீனப் பாதுகாப்புச் சான்று முத்திரை இல்லாததை விடமாட்டார்கள். அங்கே போய் வாங்குங்கள். எங்கள் சதுரக்கால் பிளக்கும் அங்கே நுழையாது. மின்னழுத்தம் 220 வோல்ட், சார்ஜருக்குப் பிரச்சினையில்லை, அடப்டர் ஒன்று போதும். குளிருக்கு? குவாங்சோவுக்கு ஒரு சாதாரண ஜக்கெட் காணும். உங்கள் உம்மா நாலு சுவெட்டர் கட்டினால், உப்புவெளி அக்காவுக்குச் சொன்னதை வாசித்துக் காட்டுங்கள்.