தண்ணீர் சுத்தமாக இருந்தும் கிமா ஏன் வெளுக்கிறது?

கடல்தொட்டி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, வணக்கம். செத்தாப்பாக்கில் கொன்டோ வீடு. 200 லிட்டர் பவளத்தொட்டி, இரண்டு கிளவுன் மீன், கொஞ்சம் பவளம். மூன்று மாதத்துக்கு முன் ஐந்து அங்குலக் கிமா (ராட்சதச் சிப்பி) ஒன்று வாங்கினேன், மேக்ஸிமா இனம், நல்ல நீலம். இரண்டு வாரமாக நடுவில் வெளுத்துக்கொண்டே வருகிறது. முன்போல் அகலமாக விரிவதும் இல்லை. வெளிச்சம் போதவில்லையோ என்று எல்இடி விளக்கை 50 சதவிகிதத்திலிருந்து 90-க்கு ஒரே நாளில் ஏற்றினேன். பசியோ என்று தினமும் மூன்று வேளை பைட்டோபிளாங்டன் (மிதக்கும் நுண்பாசித் தீனி) ஊற்றுகிறேன். இடத்தையும் இரண்டு முறை மாற்றிவிட்டேன். உப்பு 1.025, வெப்பம் 27 டிகிரி, நைட்ரேட் 0, பாஸ்பேட் 0, ஆல்கலினிட்டி (தண்ணீரின் காரத்தன்மை) 6.2 dKH, கால்சியம் 380 பிபிஎம். அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரும் பாஸ்பேட் ரிமூவரும் நிற்காமல் ஓடுகின்றன. மீனுக்குக்கூட ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தீனி. இவ்வளவு சுத்தமாக வைத்தும் ஏன் இப்படி?

– செத்தாப்பாக் வாசகர்

பதில்: தம்பி, அந்தச் சுத்தம்தான் கோளாறு.

ஓட்டுக்கு வெளியே விரிகிற வண்ண மடல் இருக்கிறதே, அதற்குள் கணக்கில்லாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தில் அவை சமைக்கிற சர்க்கரையில்தான் கிமாவின் வயிறு பெரும்பாலும் நிறைகிறது. பாசியும் பயிர்தான். பூச்சட்டியில் வைத்த கறிவேப்பிலைக்கு வெயிலை மட்டும் காட்டி எரு போடாமல் விட்டால் இலை மஞ்சளடிக்கும் இல்லையா? கிமா தண்ணீரிலிருந்து அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் நேராக உறிஞ்சித்தான் அந்தப் பாசிக்கு எரு கொடுக்கிறது. உங்கள் தொட்டியில் உறிஞ்ச ஒன்றுமே இல்லை. எருவில்லாமல் பாசி குறைந்துபோன நேரத்தில் விளக்கை 90-க்கு ஏற்றினீர்கள். மிச்சமிருந்ததும் கருகுகிறது. நடுவில் வெளுப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இன்றே பாஸ்பேட் ரிமூவரைக் கழற்றிவிடுங்கள். மீனுக்கு தினமும் தீனி போடுங்கள், ஸ்கிம்மரை இரவில் மட்டும் ஓட்டுங்கள். நைட்ரேட் 5 பிபிஎம் பக்கம் வந்தால் போதும், பாஸ்பேட் 0.03-லிருந்து 0.1-க்குள் இருக்கட்டும். விளக்கை 50-க்கே இறக்கிவிட்டு, மடலில் நிறம் திரும்பிய பிறகு வாரத்துக்கு 5 சதவிகிதம் வீதம் ஏற்றுங்கள். மேக்ஸிமா வெளிச்சம் கேட்கிற சாதிதான். ஆனால் பழக அவகாசம் வேண்டும். பைட்டோபிளாங்டனை நிறுத்திவிடலாம், ஐந்து அங்குலக் கிமாவுக்கு அது முக்கியச் சாப்பாடு இல்லை.

அடுத்தது ஆல்கலினிட்டி. 6.2 குறைவு. ஓடு கட்டுவதற்குக் கிமாவும் பவளமும் கால்சியத்தையும் கார்பனேட்டையும் ஓயாமல் இழுக்கும், நாம் ஊற்றாவிட்டால் இறங்கிக்கொண்டேதான் போகும். 8-லிருந்து 9-க்குக் கொண்டுவாருங்கள், ஒரு நாளைக்கு அரைப் புள்ளிக்கு மேல் ஏற்ற வேண்டாம். கால்சியம் 420 பக்கம் நிற்கட்டும்.

மருந்து வேலை செய்கிறதா என்று டெஸ்ட் கிட்டைவிட ஓடே நன்றாகச் சொல்லும். விளக்கு எரிவதற்கு முன் மடல் சுருங்கியிருக்கும்போது டார்ச் அடித்து, ஓட்டின் மேல்விளிம்பைப் பாருங்கள். பழைய ஓடு பாசி படிந்து ஊதா, பச்சை என்று அழுக்காக இருக்கும். வளர்கிற கிமாவில் அதற்கு மேலே சுண்ணாம்பு பூசியதுபோல் ஒரு வெள்ளை விளிம்பு ஓடும். என்னுடையதில் அரிசி அகலத்துக்கு இருக்கும். அந்த வெள்ளைக்கோடு இல்லையென்றால் ஓடு வளர்வது நின்றுபோய்விட்டது என்று அர்த்தம். இன்னொன்று, பகலில் தொட்டிக்கு மேலே கையை மெல்ல அசையுங்கள். மடல் ஓரம் முழுக்கப் பொடிப்பொடியாகக் கண்கள் உண்டு. நலமாக இருக்கிற கிமா நிழல் பட்டதும் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இரவு விளக்கணைந்து இரண்டு மணி நேரம் கழித்தும் ஒருமுறை பாருங்கள். ஓட்டின் ஓரத்திலோ அடியிலோ அரிசிக் குருணைபோல் வெள்ளை நத்தை ஒட்டியிருந்தால் அது கிமாவின் சாற்றைக் குடிக்கிற ஒட்டுண்ணி. பழைய பல் துலக்கியால் ஒன்று விடாமல் தேய்த்தெடுங்கள். ஓட்டின் மடிப்பில் வழவழவென்று முட்டை இருந்தால் அதையும் சேர்த்து. சில நாள் விடாமல் பார்க்க வேண்டும்.

இடம் மாற்றியதைப் படித்தபோதுதான் எனக்கு மனசு பதறியது. கிமா அடிப்பக்கத்து ஓட்டையிலிருந்து நூல் விட்டுப் பாறையைப் பிடித்துக்கொள்ளும். என் முதல் கிமாவை, குளுகோர் வீட்டில், இப்படித்தான் இடம் மாற்றப் பிடித்து இழுத்தேன். 'தக்' என்று கையில் தெரிந்தது. நூலோடு சதையும் கிழிந்து வந்துவிட்டது. ஒன்பதாம் நாள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. இப்போதும் அந்தத் 'தக்' விரலில் இருக்கிறது, தம்பி. நூல் பிடித்திருந்தால் பாறையோடு தூக்குங்கள், முடியாவிட்டால் பாறையை ஒட்டிப் பிளேடால் நூலை மட்டும் அறுங்கள். மணலில் வைப்பதானால் அடியில் தட்டையான கல் ஒன்று கொடுங்கள், அதைப் பிடித்துக்கொள்ளும். இனி இரண்டு மாதம் அதைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: லங்காவி போனபோது புலாவ் பாயாரில் கிமா பார்த்தோம். சிறிதாக ஒன்றை எடுத்து வந்து வளர்த்தால் தப்பா?

– சுங்கை பட்டாணி வாசகி

பதில்: தப்புதான், அம்மா. புலாவ் பாயார் கடல் பூங்கா. அங்கிருந்து கல்லைக்கூட எடுக்கக் கூடாது. பூங்காவுக்கு வெளியே என்றாலும், அழிவுக்குள்ளாகும் மீன்வகைகளுக்கான 1999-ஆம் ஆண்டு விதிமுறைகளில் கிமாவும் இருக்கிறது. உலக அளவிலும் எல்லாக் கிமா இனங்களும் சைட்டஸ் என்கிற, அருகும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. சபாவில் கயா தீவில் கிமாவைக் குஞ்சிலிருந்து வளர்த்துக் கடலில் விடுகிறார்கள். ஒரு கிமா உள்ளங்கை அளவு வர வருடக்கணக்கில் ஆகிறது, அதைப் பாறையிலிருந்து பெயர்க்க ஒரு நிமிடம் போதும். ஆசையாக இருந்தால் பண்ணையில் வளர்ந்ததை, அதற்கான அத்தாட்சித் தாளோடு கேட்டு வாங்குங்கள். தாள் இல்லை என்று கடையில் சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தாமானில் டெங்கிக்குப் புகை அடிக்க வருகிறார்கள். தொட்டியில் இறாலும் கிமாவும் இருக்கின்றன. என்ன செய்வது?

– ஜெலுத்தோங் வாசகர்

பதில்: சன்னல்களை அடையுங்கள். ஸ்கிம்மரும் காற்றுப் பம்பும் வெளிக்காற்றைத் தண்ணீருக்குள் இழுப்பவை, புகை வருவதற்கு முன்பே இரண்டையும் நிறுத்துங்கள். தண்ணீரைச் சுழற்றுகிற பம்ப் ஓடட்டும். தொட்டியை ஈரத்துணியால் மூடி, வடிகட்டியில் புதுக் கரி போடுங்கள். முதலில் சாகிறது இறாலாகத்தான் இருக்கும், அதன்மேல் கண் வையுங்கள். புகை அடங்கி வீட்டில் நன்றாகக் காற்றோடிய பிறகு ஸ்கிம்மரைப் போடலாம். அன்று மாலை கையைத் தொட்டிக்குள் விடுவதானால் முழங்கை வரை கழுவிவிட்டு விடுங்கள்.