ஏழு நாள் முகாமும் 240 மணி நேரமும்

கேள்வி: என் மகள் கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் இளங்கலை முதலாண்டு படிக்கிறாள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர விரும்புகிறாள். "முகாம் என்று போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள், படிப்புதான் கெடும்" என்கிறார்கள் உறவினர்கள். சேர்க்கலாமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: சேர்க்கலாம். உங்கள் உறவினர்கள் சொல்வது முழுப் பொய்யும் அல்ல. ஆனால் அவர்கள் முகாமை மட்டுமே பார்த்திருக்கிறார்கள். காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டாண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்றி, ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றிலும் கலந்துகொண்டால்தான் சான்றிதழ் கிடைக்கும். வாரத்துக்குச் சில மணி நேரம் என்பதால் படிப்புக்கு இடைஞ்சல் வராது.

முகாமுக்குக் காலம் பார்க்க வேண்டும். தை மாதத்தில், சம்பா அறுவடைக்கு ஊரே வயலில் இருக்கும்போது விழிப்புணர்வுப் பேரணி நடத்தினால் திண்ணையில் இருக்கும் முதியவர்கள்தாம் கேட்பார்கள். வாய்க்காலில் இறங்கி வேலை செய்வதற்கோ, ஆற்றில் தண்ணீர் நின்றபின், மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்கு முன்புள்ள கோடைதான் ஏற்றது. அப்போதும், வாய்க்காலை அடைக்கும் களைச்செடியான நெய்வேலிக் காட்டாமணக்கை இடுப்பளவில் வெட்டிக் கரையிலேயே போட்டுவிட்டு வந்தால், ஈரம் பட்ட தண்டு கணுவுக்குக் கணு வேர்விட்டு மறுபடி தளிர்த்துவிடும். வேரோடு பிடுங்கி, தண்ணீர் எட்டாத மேட்டில் குவித்துக் காயவிட வேண்டும். இதை அந்த ஊர் விவசாயத் தொழிலாளி எவரும் சொல்லித்தருவார். மண்வெட்டியைத் தூக்குவதற்குமுன் அவரிடம் கேட்கத்தான் பல அணிகளுக்குத் தோன்றுவதில்லை.

முகாமைவிட, கல்லூரி அணி தத்தெடுத்த கிராமத்துக்கு ஆண்டு முழுதும் போய்வருவதையே நான் பெரிதாக மதிக்கிறேன். மாலையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருவதும், பயிர்க் காப்பீட்டு விண்ணப்பம் நிரப்ப உதவுவதும் படத்தில் எடுபடாத வேலைகள். ஆனால் தெரிந்த முகமாக இருந்தால்தான் ஒருவர் தம் நில, பயிர் ஆவணங்களான சிட்டா, அடங்கலையும் வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் கையில் கொடுப்பார்.

ஆகவே கல்லூரியில் இத்திட்டத்தை நடத்தும் ஆசிரியரான திட்ட அலுவலரை நேரில் சந்தித்து, சென்ற முகாம் எந்த ஊரில் நடந்தது, அதன்பின் அங்கு எத்தனை முறை போனார்கள் என்று கேளுங்கள். முகாமில் இரவும் தங்க வேண்டியிருப்பதால், மாணவியருடன் தங்கும் ஆசிரியை யார், கழிப்பறை வசதி எப்படி என்பதையும் கூச்சப்படாமல் விசாரித்துவிடுங்கள்.