கிளிப் கழற்றியாச்சு, ரீட்டெய்னர் எதுக்கு? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பல் கிளிப் கழற்றி இரண்டு வாரம் ஆகிறது. பல் வரிசை அப்படியே நிற்கிறது. ரீட்டெய்னர் போட்டே ஆகணுமா?

போட்டே ஆகணும். கிளிப் நேராக்கிய பல் வரிசையைக் கலையாமல் பிடித்துவைக்கிற உறை அல்லது கம்பிதான் ரீட்டெய்னர். பல் புது இடத்துக்கு வந்துவிட்டது, ஆனால் இன்னும் அங்கே ஊன்றவில்லை. பல்லையும் எலும்பையும் பிணைக்கிற நார்கள் சீராக மூன்று, நான்கு மாதம் ஆகும். ஈறில் உள்ள நார்கள் இன்னும் பிடிவாதம், ஒரு வருடம்கூட எடுத்துக்கொள்ளும். அதுவரை இழுத்துப் பிடித்த ரப்பர் போலப் பழைய இடத்துக்கே இழுக்கும். திருகியிருந்து நேரான பல்லும், இடைவெளி மூடிய முன்பற்களும்தான் முதலில் நகரும்.

எத்தனை வருடம்?

பெரும்பாலும் முதல் சில மாதங்கள் சாப்பாடு, பல் துலக்கல் தவிர நாள் முழுக்க. அப்புறம் இரவில் மட்டும். எப்போது மாறலாம் என்பதை உங்கள் மருத்துவர் சொல்வார். இரவு ரீட்டெய்னருக்கு முடிவு தேதி கேட்காதீர்கள். கிளிப்பே போடாதவர்களுக்கும் வயதாக ஆகக் கீழ் முன்பற்கள் நெருக்கிக்கொண்டு வரும்.

பத்து நாள் போடவில்லை. இப்போது இறுக்குகிறது.

இறுக்கம் என்றால் பல் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. விரலால் அழுத்தினால் முழுதாக உட்காருகிறதா? சரி, சில நாள் விடாமல் போடுங்கள், தளர்ந்துவிடும். ஓரத்தில் இடைவெளி தெரிந்தாலோ ஆடினாலோ, கடித்து உள்ளே தள்ளவே வேண்டாம். அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் பல் இன்னும் விலகும்.

எனக்குக் கீழ்ப்பல் உள்பக்கம் ரீட்டெய்னராகக் கம்பி ஒட்டியிருக்கிறார்கள். கவலையில்லைதானே?

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஒரே ஒரு பல்லில் பசை விட்டுப்போனால் வலிக்காது, கம்பியும் அசையாமல் இருக்கும். அந்தப் பல் மட்டும் சத்தமில்லாமல் நகரும். வாரம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று ஒவ்வொரு பல்லிலும் நகத்தால் கம்பியை லேசாக நெம்பிப் பாருங்கள். கம்பிக்கு அடியில் காரை (பல்லில் கெட்டியாகப் படியும் அழுக்கு) சேராமல் இருக்க, பல்லிடுக்கில் நுழையும் குட்டி பிரஷ் தினமும் வேண்டும்.

கழற்றி மாட்டும் ரீட்டெய்னரை வெந்நீரில் போட்டுச் சுத்தம் செய்யலாமா?

கூடாது. பிளாஸ்டிக் வளைந்துவிடும். குளிர்ந்த நீர், மென்மையான பிரஷ் போதும். பேஸ்ட் கீறல் போடும்.

கடைவாய் ஞானப்பல்தான் பல்லைத் தள்ளுகிறதா?

அதைக் காரணமாகச் சொல்ல ஆதாரம் போதாது. அதற்காக மட்டும் பிடுங்க வேண்டாம்.

என் மகள் இரண்டு முறை தொலைத்துவிட்டாள்.

திட்டாதீர்கள். சாப்பிடும்போது டிஷ்யூவில் சுற்றித் தட்டுப் பக்கத்தில் வைத்திருப்பாள், தட்டோடு சேர்ந்து குப்பைக்குப் போயிருக்கும். வாயிலிருந்து எடுத்தால் நேரே பெட்டிக்குள் என்று பழக்குங்கள். இப்போதைக்கு, தள்ளிப்போடாமல் இன்றைக்கே புதிதுக்கு அளவு எடுக்கக் கூட்டிப் போங்கள்.