பிரசங்கித்தவருக்கு எப்படி நன்றி சொல்வது?

அன்புள்ள ஐயா,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். நான் தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்தில் ஒரு சிறிய சபையைச் சேர்ந்தவள். எங்கள் போதகர் ஐயா இந்த மே மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். எங்கள் சபையில் பல வருஷம் ஊழியம் செய்து, இடையில் மாறுதலாகிப் போய், மறுபடியும் எங்களிடமே வந்தவர். வழியனுப்பு விழாவைப் பற்றிப் பேசக் கமிட்டி கூடியபோது மூப்பர் ஒருவர், "மனுஷனைப் புகழ்ந்தால் தேவனுக்குரிய மகிமையை எடுத்துக்கொண்டதாகும், சம்பளம் வாங்கிக் கடமையைச் செய்தவருக்கு விழா எதற்கு?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மூத்த மகளோ, யூடியூபில் கேட்கிற பிரசங்கங்களுக்கு முன்னால் ஐயாவின் பிரசங்கம் சப்பென்று இருக்கிறது என்கிறாள்.

எனக்குள்ளும் ஓர் உறுத்தல் உண்டு. இத்தனை வருஷம் கேட்டும், ஒரு பிரசங்கத்தையாவது முழுதாகச் சொல் என்றால் என்னால் முடியாது. எனக்கு மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தபோது வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வாரம் ஐயா வந்து 139ஆம் சங்கீதத்தை வாசித்து ஜெபித்தார். அடுத்த ஞாயிறு அதையே பிரசங்கித்தார். அது ஒன்றுதான் நினைவிருக்கிறது. இப்படிப்பட்ட நான் நன்றி சொல்லலாமா? எப்படிச் சொல்வது? கவரில் எவ்வளவு வைப்பது என்பதுகூடத் தெரியவில்லை.

பெயர் வேண்டாம் ஐயா.

*

அன்புள்ள சகோதரிக்கு,

மூப்பர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அவருடைய அச்சத்துக்கு வேதத்திலேயே இடம் இருக்கிறது. லீஸ்திராவில் சப்பாணி ஒருவன் எழுந்து நடந்ததைக் கண்ட ஜனங்கள் பர்னபாவையும் பவுலையும் தேவர்கள் என்று எண்ணி எருதுகளோடும் பூமாலைகளோடும் பலியிட வந்தபோது, இருவரும் தங்கள் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினார்கள் என்று அப்போஸ்தலருடைய நடபடிகள் 14ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கூட்டங்களுக்காகச் சாலையோரம் வைக்கப்படும் பேனர்களில் ஊழியருடைய முகம் ஆளுயரத்துக்கும் வேதவசனம் ஒரு மூலையிலும் இருப்பதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்தவர்கள் நம் சபைகளில் பலர் உண்டு. உங்கள் மூப்பரும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

ஆனால் லீஸ்திராவில் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்ட அதே பவுல்தான் தெசலோனிக்கேயருக்கு, "உங்களுக்குள்ளே பிரயாசப்பட்டு, கர்த்தருக்குள் உங்களை விசாரணைசெய்கிறவர்களாயிருந்து, உங்களுக்குப் புத்திசொல்லுகிறவர்களை நீங்கள் மதித்து, அவர்களுடைய கிரியையினிமித்தம் அவர்களை மிகவும் அன்பாய் எண்ணிக்கொள்ளும்படி" வேண்டிக்கொள்கிறார். குரலுக்காகவோ தோற்றத்துக்காகவோ மதிக்கச் சொல்லவில்லை, அவர்கள் செய்த வேலைக்காக மதிக்கச் சொல்கிறார். "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்" என்னும் வசனத்தை மூப்பர் எடுத்துக்காட்டினால், விளையச்செய்தவருக்கே மகிமை என்பதை மனதார ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் நட்டவர் பெயரையும் நீர்ப்பாய்ச்சினவர் பெயரையும் அந்த வசனம் மறைக்கவில்லை என்பதையும் பணிவாக அவருக்குச் சொல்லுங்கள். சம்பளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கூலி கொடுத்தாயிற்று, இனி நன்றி எதற்கு என்ற பேச்சை நம் நிலத்தில் களை எடுக்க வருகிறவர்களிடம்கூட நாம் பேசுவதில்லை.

உங்கள் கேள்விக்கான பதிலை நான் 1 தெசலோனிக்கேயர் 2:13இல் காண்கிறேன். "நீங்கள் தேவவசனத்தை எங்களாலே கேள்விப்பட்டு ஏற்றுக்கொண்டபோது, அதை மனுஷர் வசனமாக ஏற்றுக்கொள்ளாமல், தேவவசனமாகவே ஏற்றுக்கொண்டதினாலே, நாங்கள் இடைவிடாமல் தேவனுக்கு ஸ்தோத்திரஞ்செலுத்துகிறோம்" என்கிறார் பவுல். இங்கே நன்றி செலுத்துகிறவர் பிரசங்கித்தவர், கேட்டவர்களுக்காகச் செலுத்துகிறார். அந்த வசனம் "விசுவாசிக்கிற உங்களுக்குள்ளே அது பெலனும்செய்கிறது" என்று முடிகிறது. உண்மையுள்ள பிரசங்கி ஒருவருக்கு நாம் கொடுக்கக்கூடிய நன்றி இதைவிடப் பெரிதாக இருக்க முடியாது: அவர் சொன்ன வசனம் நமக்குள் எங்கே, எப்படிப் பெலன்செய்தது என்று அவரிடம் போய்ச் சொல்வது. ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது "பிரசங்கம் நன்றாக இருந்தது ஐயா" என்கிறோம். அது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. வசனம் என்ன செய்தது என்பது அதில் இல்லை.

உண்மையுள்ள பிரசங்கம் என்று எதைச் சொல்கிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். நெகேமியா 8ஆம் அதிகாரத்தில், தண்ணீர்வாசலுக்கு முன்னான வீதியில் ஜனங்கள் கூடியிருக்க, மரத்தால் செய்த பிரசங்கபீடத்தின்மேல் எஸ்றா நிற்கிறார். "தேவனுடைய நியாயப்பிரமாண புஸ்தகத்தைத் தீர்க்கமாக வாசித்து, அர்த்தஞ்சொல்லி, வாசித்ததை அவர்களுக்கு விளங்கப்பண்ணினார்கள்" என்பதே அங்கே நடந்த வேலை முழுவதும். தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பக்கத்துச் சபைகளில், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் தமிழ் ஆராதனையில் உட்கார்ந்திருப்பது வழக்கம். அங்கே ஒரு போதகர் ரூத்தின் சரித்திரத்தைப் பிரசங்கித்ததை நான் கேட்டிருக்கிறேன். வசனத்தை நிதானமாக வாசித்தார், மறுபடியும் வாசித்தார். போவாஸ் எலிமெலேக்கின் வயலை மீட்டதைச் சொல்ல வந்த இடத்தில் நிறுத்தி, "உங்கள் நிலம் அடமானத்தில் இருக்கிறது, மீட்க உங்களிடம் பணம் இல்லை, உறவுக்காரர் ஒருவர் தன் கையிலிருந்து கட்டிப் பத்திரத்தை வாங்கி உங்களிடம் தருகிறார்" என்று தமிழில் சொல்லி, அதையே தெலுங்கிலும் சொன்னார். கடைசி வரிசையில் இருந்த ஒரு பாட்டியம்மா தலையசைக்கும்வரை அவர் அடுத்த வசனத்துக்குப் போகவில்லை. அவருக்குக் கம்பீரமான குரல் கிடையாது. ஆனாலும் மீட்பர் என்பவர் யார் என்று அன்றைக்கு அங்கே இருந்த எல்லாருக்கும் விளங்கியது.

உங்கள் போதகர் செய்தது இதைவிடக் கடினமானது. தருமபுரியில் 139ஆம் சங்கீதத்தைப் பிரசங்கிப்பது மற்ற ஊர்களில் பிரசங்கிப்பதைப் போன்றதல்ல. பெண்சிசுக்கொலைக்காக இந்த மாவட்டத்தின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. பெற்றோர் வேண்டாமென்று விடும் குழந்தைகளை அரசே ஏற்றுக்கொள்ளும்படி 1992இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் தருமபுரிக்கும் வேறு சில மாவட்டங்களுக்கும் அரசு விரிவுபடுத்த வேண்டியிருந்தது. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தும், அதை மீறி ஸ்கேன் பார்த்தவர்கள் பிடிபட்ட செய்திகள் இம்மாவட்டத்திலிருந்து அண்மைக் காலத்திலும் வந்திருக்கின்றன. இப்படிப்பட்ட மண்ணில், மூன்றாவது பெண்குழந்தை பிறந்து யாரும் முகம் கொடுத்துப் பேசாத ஒரு வீட்டுக்குள் போய், "நீர் என் உள்ளிந்திரியங்களைக் கைக்கொண்டிருக்கிறீர், என் தாயின் கர்ப்பத்தில் என்னைக் காப்பாற்றினீர்" என்று வாசித்தவர், அடுத்த ஞாயிறு அதே வசனத்தை முழுச் சபைக்கும் முன்பாக, உங்கள் உறவினர்களும் கேட்கும்படி பிரசங்கித்திருக்கிறார். முதலில் வீட்டில் ஆறுதலாகச் சொன்னதைப் பிறகு பீடத்தில் கண்டனமாகவும் சொன்னார். "சமயம் வாய்த்தாலும் வாய்க்காவிட்டாலும் ஜாக்கிரதையாய்த் திருவசனத்தைப் பிரசங்கம்பண்ணு" என்று தீமோத்தேயுவுக்குச் சொல்லப்பட்டதன் பொருள் இதுதான். அந்த ஞாயிறு அவர்மேல் வருத்தப்பட்டவர்களும் இருந்திருக்கக்கூடும். ஆறுதல் தந்த பிரசங்கத்துக்கு உடனே நன்றி சொல்லிவிடுகிறோம். கடிந்துகொண்ட பிரசங்கத்துக்கான நன்றியோ மிகவும் தாமதமாகத்தான் வருகிறது. பல நேரங்களில் பிரசங்கித்தவர் அதைக் கேட்காமலே போய்விடுகிறார். உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பிரசங்கங்கள் நினைவில் இல்லை என்று வருந்துகிறீர்கள். பெரும்பாலான விசுவாசிகளுக்கு அப்படித்தான். வானத்திலிருந்து இறங்கும் மாரி பூமியை நனைத்து, அதில் முளை கிளம்பி விளையும்படிச் செய்யாமல் திரும்பாததுபோல, தம்முடைய வாயிலிருந்து புறப்படும் வசனமும் வெறுமையாய்த் திரும்பாது என்று ஏசாயா 55ஆம் அதிகாரத்தில் கர்த்தர் சொல்கிறார். மானாவாரியில் கேழ்வரகு விதைக்கிற நமக்கு, எந்த மழையில் எந்தக் கதிர் பால் பிடித்தது என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. மழை பெய்தது என்று தெரியும். கடன்பட்ட நாளில் உங்களைப் பொய்க்கணக்கு எழுதவிடாமல் தடுத்தது எது, மாமியாருடன் பேச்சு நின்றுபோனபோது மறுபடி போய்ப் பேச வைத்தது எது, மரண வீட்டில் உங்கள் வாயில் தானாக வந்த வசனம் எந்த ஞாயிறு உங்களுக்குள் போனது என்று யோசித்துப் பாருங்கள். பிரசங்கத்தின் தலைப்பு மறந்திருக்கும், அது சேர்த்துவைத்தது உங்களுக்குள் இருக்கும்.

உங்கள் மூத்த மகள் யூடியூபில் கேட்பதை நான் குறைசொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமையிலும் ஷிப்ட் பார்க்கிற பிள்ளைகளுக்கு அதுவே கையருகில் இருக்கிறது; அங்கே வேதத்தைக் கவனமாக விளக்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பவுல் எபேசு சபையின் மூப்பர்களிடம், "வெளியரங்கமாக வீடுகள்தோறும்" பிரசங்கித்ததாகச் சொன்னதை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். திரையில் பேசுகிறவருக்கு உங்கள் வீட்டுக் கதவு தெரியாது. அவளுடைய தங்கை பிறந்த வாரத்தில் அந்தக் கதவைத் தட்டினவர் யார் என்று அவளுக்கு ஒருமுறை சொல்லுங்கள். ஒருவேளை இதுவரை யாருமே அதை அவளுக்குச் சொல்லாதிருந்திருக்கலாம்.

இந்த மண்ணில் வசனம் வந்த வழியையும் சற்று நினைத்துப் பார்க்கலாம். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு தமிழ் கற்று மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. கிருஷ்ணகிரியில் 1895இல் லுத்தரன் மிஷன் ஊழியத்தைத் தொடங்கிய தியோடர் நேத்தர் 1904இல் பிளேக் நோய்க்குப் பலியானார். இவர்களுடைய பெயர்களாவது ஏடுகளில் இருக்கின்றன. இவர்களைப் போன்றவர்களோடு ஊர் ஊராக நடந்து, திண்ணையிலும் களத்துமேட்டிலும் வசனம் சொன்ன உபதேசியார்கள் பலருடைய பெயர் அவர்களுடைய பேரப்பிள்ளைகளைத் தவிர யாருக்கும் தெரியாது. "தேவவசனத்தை உங்களுக்குப் போதித்து உங்களை நடத்தினவர்களை நீங்கள் நினைத்து" என்று எபிரெயர் நிருபம் கட்டளையிடுவது இவர்களையும் சேர்த்துத்தான். நாம் நன்றி சொல்லாத உபதேசியார்கள் அநேகர் இருக்கும்போது, நம்மோடு உயிரோடிருக்கும் ஒருவருக்குச் சொல்லத் தயங்கக் கூடாது.

ஆகவே விழா நடக்கட்டும். பொன்னாடையும் மாலையும் குறைவாக இருக்கட்டும். பேனர் வேண்டாம் என்பது என் கருத்து. முதலில் சபையாக எழுந்து நின்று, இவரைத் தந்ததற்காகத் தேவனுக்கு ஸ்தோத்திரம் செலுத்துங்கள். அப்போது மூப்பருடைய மனமும் ஆறுதல் அடையும். பிறகு பேச உங்களுக்கு இரண்டு நிமிடம் கேட்டு வாங்குங்கள். "சிறந்த தேவமனிதர்", "ஆவிக்குரிய தகப்பன்" போன்ற பட்டங்கள் எதையும் சொல்ல வேண்டாம். மூன்றாவது மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அவள் பிறந்த வாரத்தில் ஐயா வாசித்த சங்கீதம் எது, அதற்குப் பிறகு உங்கள் வீட்டில் என்ன மாறியது என்பதை மட்டும் சொல்லுங்கள். மேடையில் பேசப் பழக்கமில்லை என்றால் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். மற்ற வீட்டாரிடமும் கேளுங்கள்: வீட்டுக்கு ஒரு வசனம், அது அவர்களுக்கு என்ன செய்தது என்று ஓரிரு வரி. எழுதத் தெரியாத பெரியவர்கள் சொல்லச் சொல்ல ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் எழுதட்டும். போதகர் குடியிருக்கச் சபை கொடுத்த குருமனையில் நேரம் காலம் பாராமல் வந்தவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்த போதகரம்மாவுக்கும் இதில் பங்கு உண்டு, அவர்களை விட்டுவிடாதீர்கள்.

கவரில் எவ்வளவு வைப்பது என்று நான் சொல்ல முடியாது. அது உங்கள் திராணிக்கு உட்பட்டது. "திருவசனத்தில் உபதேசிக்கப்படுகிறவன் உபதேசிக்கிறவனுக்குச் சகல நன்மைகளிலும் பகிர்ந்துகொடுக்கக்கடவன்" என்று கலாத்தியர் 6:6 சொல்வதால், பணத்தோடு மட்டும் நிறுத்திக்கொள்ளாதீர்கள் என்று மாத்திரம் கேட்டுக்கொள்கிறேன். குருமனையிலேயே வாழ்ந்த பல போதகர்கள் ஓய்வு பெறும் மாதத்தில்தான் முதல்முறையாக வாடகைக்கு வீடு தேடுகிறார்கள். வீட்டுக்கு முன்பணம், சாமான் ஏற்றிப்போக வண்டி, தொடர்ந்து வாங்க வேண்டிய மருந்து, எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். அவர்களாக வாய்திறந்து கேட்கவும் மாட்டார்கள். பவுல் தங்கள் ஊரைவிட்டுப் போன பின்பும் பிலிப்பி சபையார் அவருடைய குறைச்சலை அறிந்து உதவி அனுப்பினார்கள். ஐயா எந்த ஊருக்குப் போகிறார், வீடு கிடைத்துவிட்டதா, என்ன தேவை என்று கமிட்டியில் இருவர் நேரில் போய் விசாரிக்கும்படி இந்த வாரமே சொல்லுங்கள்.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்.