பழைய கட்டடத்துக்கு யுனெஸ்கோ விருது: கேள்வி பதில்

யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது 2000-ஆம் ஆண்டிலிருந்து கொடுக்கப்படுகிறது. பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதுதான் என் தொழில் என்பதால் இதைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஸ்ரீரங்கத்திலிருந்து: 2017-இல் எங்கள் கோயிலுக்கு விருது கிடைத்தது. அப்படியென்றால் ஸ்ரீரங்கம் உலகப் பாரம்பரியச் சின்னம்தானே?

இல்லை சார். இரண்டும் வேறு வேறு. தஞ்சைப் பெரிய கோயில் 1987-இலும், கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004-இலும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. ஸ்ரீரங்கம் இன்னும் உத்தேசப் பட்டியலில்தான், அதாவது பிற்பாடு பரிசீலிக்கலாம் என்று குறித்து வைத்திருக்கும் பட்டியலில்தான் இருக்கிறது. 2017-இல் வந்தது பழுதுபார்த்த விதத்துக்கான விருது. பட்டியல் இடத்தின் பெருமையைப் பார்க்கும், விருது வேலையின் தரத்தைப் பார்க்கும். செய்திகளில் இரண்டையும் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள்.

மதுரையிலிருந்து: திருப்பணி எல்லா ஊரிலும்தான் நடக்கிறது. அங்கே அப்படி என்ன செய்தார்கள்?

கூட்டியதைவிடக் கழித்ததுதான் அதிகம்! பிற்காலத்தில் இஷ்டத்துக்குச் சேர்த்திருந்த கட்டுமானங்களை எடுத்தார்கள். மழைநீர் வடியவும் சேரவும் பழைய காலத்தில் இருந்த அமைப்பைத் திரும்பச் சரிசெய்தார்கள். பளபளப்பு வேலை என்றால் நன்கொடையாளர் பெயரைக் கல்லில் வெட்டலாம், வடிகாலில் யார் பெயர் வெட்டுவது? ஆனாலும் ஒரு கட்டடத்தின் ஆயுள் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பதில்தான் இருக்கிறது. கோபுரத்துக்கு அடிக்கும் வண்ணத்தை நடுவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்பது என் கணிப்பு.

பெரிய கோயிலுக்குத்தான் கிடைக்கும் என்றும் இல்லை. கும்பகோணம் பக்கம் துக்காச்சி ஆபத்சகாயேஸ்வரர் கோயிலுக்கு 2024-இல் கிடைத்தது. அது ஸ்ரீரங்கம் வாங்கியதைவிட ஒரு படி மேலான விருது.

திருச்சூரில் வேலை பார்க்கும் தம்பி: எத்தனை படி இருக்கிறது?

முக்கியமாக மூன்று. உச்சியில் ‘எக்ஸலன்ஸ்’, அடுத்து ‘டிஸ்டிங்ஷன்’, அதற்கடுத்து ‘மெரிட்’. உங்கள் ஊர் வடக்குந்நாதன் கோயில் 2015-இல் உச்சியையே வாங்கியது.

காரைக்குடியிலிருந்து: ஐயாவின் அப்பா கட்டிய வீடு. தனியார் வீட்டுக்கும் கொடுப்பார்களா? பணம் வருமா?

கொடுப்பார்கள் ஆச்சி. பணமுடிப்பு கிடையாது, பெருமைதான். கட்டடத்துக்கு 50 வயது தாண்டியிருக்க வேண்டும். வேலை முடிந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. முடிந்தபின் குறைந்தது ஒரு வருஷமாவது புழக்கத்தில் இருக்க வேண்டும். பூட்டிவைத்த வீட்டை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

2000-இல், முதல் வருஷமே, முதலிடம் பெற்றது மலேசியாவின் பினாங்கில் ஒரு வீடுதான்: சியோங் ஃபாட் ட்ஸே மாளிகை. 38 அறை, ஐந்து முற்றம், 220 ஜன்னல். இடிபடாமல் காப்பாற்ற உள்ளூர்க்காரர்கள் சிலர் சேர்ந்து வாங்கினார்கள். சுவரெல்லாம் நீலம்; அது கடையில் வாங்கிய பெயிண்ட் இல்லை, சுண்ணாம்பில் அவுரிச் சாயம் கலந்து அடித்தது. இன்று அங்கே தங்கும் விடுதி நடக்கிறது. முற்றம் வைத்த உங்கள் வளவு வீட்டுக்கும் ஒரு யோசனை கிடைக்கலாம்.

எதையும் தொடுவதற்கு முன்னால் மூலைமுடுக்கெல்லாம் போட்டோ எடுத்து, அளவெடுத்து வரைந்து வைத்துவிடுங்கள். முன்பு எப்படி இருந்தது என்று காட்ட முடியாவிட்டால் விண்ணப்பம் அங்கேயே படுத்துவிடும்.

கும்பகோணத்திலிருந்து: எங்கள் கோயிலில் சிமெண்ட் பூசலாம் என்கிறார் காண்ட்ராக்டர். உறுதியாகத்தானே இருக்கும்?

உறுதியாக இருப்பதுதான் சிக்கல். செங்கலும் சுண்ணாம்பும் ஈரத்தை வாங்கும், வெயிலில் வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். முதலில் சுவரின் அடிப்பக்கத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும். பிறகு பூச்சு உப்பிக்கொண்டு வரும். தட்டினால் பொள்ளென்று சத்தம் கேட்கும். பெயர்த்துப் பார்த்தால் பூச்சு பலகை மாதிரி முழுசாக வரும், பின்னால் செங்கல் மாவாக உதிரும்.

சுண்ணாம்பு வேலைக்குப் பொறுமை வேண்டும். நீற்றிய சுண்ணாம்பை ஊறப்போட வேண்டும், மணலோடு அரைக்க வேண்டும், கடுக்காயும் வெல்லமும் புளித்த தண்ணீரைச் சேர்க்க வேண்டும். பூசியபின் அவசரமாகக் காயவும் விடக் கூடாது. கும்பாபிஷேகத் தேதியைக் குறித்துவிட்டு வேலையை ஆரம்பித்தால் இதற்கெல்லாம் நேரம் எங்கே? இந்தச் சுண்ணாம்புக் காரை வேலை தெரிந்த கொத்தனாரை முதலில் பிடியுங்கள், தேதியை அப்புறம் குறிக்கலாம். கல்லில் மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். எழுத்தும் சிற்பத்தின் கூர்மையும் போனால் திரும்பாது.

புதுச்சேரியிலிருந்து: பழைய வீட்டில் ஏசி, புதுக் குளியலறை வைத்தால் விருது போச்சா?

போகாது. ஆள் வாழ வேண்டாமா? பழைய இடத்தில் பொருந்திய புதுக் கட்டடத்துக்கென்றே தனிப் பிரிவுகூட வைத்திருக்கிறார்கள். ஏசியோ குளியலறையோ நாளைக்கு வேண்டாமென்றால் சுவரைக் காயப்படுத்தாமல் எடுக்க வர வேண்டும், அவ்வளவுதான். குழாயைச் சுவரை வெட்டிப் புதைக்காமல் வெளியே ஓட்டுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைச் சுவரில் விடாமல் நேரே வடிகாலுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியன்கள் பெரும்பாலும் இதை மறந்துவிடுவார்கள்.